நாற்றிலேயே தெரியும்

ஆந்திரத்தின் கடியம் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் நர்சரிகள்தான். ராஜமகேந்திரவரம் கூப்பிடு தூரம். 1852-இல் ஆர்தர் காட்டன் தவளேஸ்வரத்தில் கட்டி முடித்த அணையின் வாய்க்கால் தண்ணீரும் கோதாவரி வண்டலும் இந்தத் தொழிலைத் தாங்குகின்றன. கொள்ளிடத்தில் நம் கீழணையைக் கட்டியவரும் அவரே. தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு இங்கிருந்து லாரி லாரியாகச் செடி வருகிறது. அழகுப் பனைகளைச் சிறு வயதிலேயே எப்படி இனம் பிரிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

பச்சை நிழல்வலைக்கு அடியில் பெண்கள் வரிசையாகக் குந்தி, நாற்றுகளைப் பிடுங்கிப் பைகளில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிறகு ஓலை விடும் பனைகளில் பல, முளைத்த புதிதில் இரண்டாகப் பிளந்த ஒற்றை இலையோடுதான் நிற்கும். சிறகு பிரிவது பிறகுதான். பாத்தி மாறி விழுந்த விதைகளும் நடுவே முளைத்திருந்தன. அந்தக் கலப்பு நாற்றுகளையெல்லாம் பேச்சு நிற்காமலே அவர்கள் விரல்கள் ஒதுக்கித் தள்ளின.

சென்னைக்கு லாரியில் வந்து வந்து தமிழ் பழகிய மேஸ்திரி ஒருவர், சற்று வளர்ந்த கன்றுகளிடம் கூட்டிப்போனார். "ஓலையப் பாக்காதீங்க சார், மட்டையோட அடியப் பாருங்க" என்றார். மஞ்சள் ஓடிய மட்டையில் கறுப்புப் பொடிப்புள்ளி தூவியிருந்தால் அது மடகாஸ்கர் அரிக்கா. இளமையில் செம்மை படர்ந்த காம்பு பாட்டில் பாமுக்கு. சிற்றிலையின் நுனி கடித்துத் துப்பியதுபோல் ஒழுங்கற்று இருந்தால் ஃபாக்ஸ்டெயில். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையிலிருந்த அந்த மரத்துக்கு 1983-இல்தான் தாவரவியலார் பெயர் வைத்தார்கள். ஈச்ச வகையைக் கண்டுபிடிக்க ஒரு சிற்றிலையைக் குறுக்கே கிள்ளிக் காட்டினார். அது மேல்நோக்கி மடிந்து தண்ணீர் நிற்கும்படி இருந்தது. அரிக்காவில் கிள்ளினால் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தது. வரிசை ஓரத்தில் நின்ற சைகஸ் பனையே அல்ல. விசிறியாய் விரியும் டிராவலர்ஸ் பாமும் வாழைக்கு உறவுதான், பனைக்கல்ல.

இந்தப் பிரித்தறிதலில் ஒரு வீட்டின் இருபது வருடம் அடங்கியிருக்கிறது. கியூபாவின் ராயல் பாமும் மொரீஷியசை ஒட்டிய ரவுண்ட் தீவின் பாட்டில் பாமும் பையில் இருக்கும்போது ஒரே உயரம். முதலாவது 60 அடிக்கு மேல் போகும். அதன் மட்டை காய்ந்து மொத்தமாக விழுந்தால் கீழே நிற்கும் கார் தாங்காது. இரண்டாவது 10, 15 அடியில் நின்றுவிடும். ஆடும் முயலும் கொண்டுவிடப்பட்டதால் சொந்தத் தீவில் அழிவின் விளிம்புக்கே போன மரம் அது. சின்ன வீட்டுக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

வளர்ப்பில் மேஸ்திரி பிடிவாதமாக இருந்தது குருத்து விஷயத்தில். ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளரும் இடம் உச்சியில் ஒன்றே ஒன்று. அது அழுகினாலோ, காண்டாமிருக வண்டு குடைந்தாலோ மரம் போயிற்று. அதனால்தான் லாரியில் ஏற்றுமுன் ஓலைகளைக் குருத்தைச் சுற்றிச் சேர்த்துக் கட்டுகிறார்கள். தண்டில் பட்ட காயமும் மற்ற மரங்களில்போல் மூடாது. புல்வெட்டும் இயந்திரம் கீறிய வடு கடைசிவரை இருக்கும். பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடவேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது.

அடி ஓலை பழுப்பதைக் கண்டதும் வெட்டாதீர்கள். பொட்டாஷ் போதாதபோது பனை பழைய ஓலையிலிருந்து சத்தை இழுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அதை வெட்டினால் அடுத்த ஓலை பழுக்கும். முழுக்கக் காய்ந்ததை மட்டும் எடுத்தால் போதும்.

ஒவ்வொரு பையிலும் விலையோடு மரத்தின் முழு உயரத்தையும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மேஸ்திரி அதை வாயால் செய்கிறார். ராயல் பாம் கேட்டு வருகிறவரிடம் விலைக்கு முன்னால் அவர் கேட்பது, "வீட்டு மேல கரண்ட் கம்பி போகுதா சார்?"