பெரிதாய்க் காண்பதா, தெளிவாய்க் காண்பதா?

தொலைநோக்கி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் வானம் முழுவதும் முற்றத்தில் இறங்கிவிடும் என்றே நாம் எண்ணியிருந்தோம். பல மாதச் சேமிப்பைத் திரட்டி, 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒன்றை வாங்கிப் பதுளைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். 150 மில்லிமீற்றர் அகலமான குழியாடியும் 1,200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்டது அது. கையால் தள்ளித் திருப்பும் மரத் தாங்கியின்மீது அமர்ந்திருந்தது.

பெட்டியின் ஒரு மூலையில் கட்டைவிரல் பருமனில் மூன்று சிறு குழல்கள் கிடந்தன. கண்ணை வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டுகள் அவை. 25, 10, 4 என்று அவற்றின் குவியத்தூரம் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருந்தது. பெரிய குழாயைப் பற்றி ஓராண்டு ஆராய்ந்த நாம், இச்சிறு குழல்களைப் பற்றி ஒரு நாழிகையேனும் சிந்திக்கவில்லை. அப்பிழையின் பயனை விரைவிலேயே அனுபவித்தோம்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஊவாவில் மழை குறைவு. வானம் திறந்திருக்கும், ஆனால் காற்று மலைச்சரிவில் இறங்கி ஓயாது வீசும். அப்படிப்பட்ட ஓர் இரவில், நமுனுகுல மலைப்பக்கத் தோட்டம் ஒன்றின் லயத்து முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தினோம். பிள்ளைகளும் பெரியவர்களுமாக நீண்ட வரிசை. கீழ்வானில் சனிக்கிரகம் ஏறிக்கொண்டிருந்தது. பெரிதாகக் காட்டினால்தானே பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று 4 மில்லிமீற்றர் துண்டைப் பொருத்தினோம்.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணை வைத்தாள்.

“தெரியுதா, பாப்பா?”

“நல்லா தெரியுது சேர்!”

அவள் விலகியதும் நாம் குனிந்து பார்த்தோம். உள்ளே வெறும் இருள். சனி எப்போதோ பார்வையை விட்டு நகர்ந்துவிட்டிருந்தது. நம் மனம் நோகக்கூடாதே என்று அக்குழந்தை பொய் சொல்லியிருக்கிறாள்! அவளுக்கு முன்னே நின்ற எத்தனை பேர் அவ்வாறே சொல்லிச் சென்றனரோ? அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் தாளும் பென்சிலுமாக அமர்ந்தோம். குழாயின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 25 மில்லிமீற்றர் துண்டு 48 மடங்கு. 10 மில்லிமீற்றர் துண்டு 120 மடங்கு. 4 மில்லிமீற்றர் துண்டோ 300 மடங்கு! ஆனால் குழாய் திரட்டும் ஒளி ஒன்றே. 48 மடங்கிலிருந்து 300 மடங்குக்குச் செல்லும்போது அவ்வொளி ஏறத்தாழ 39 மடங்கு பரப்பில் பரந்து மங்கிவிடுகிறது. கிரகத்தோடு காற்றின் நடுக்கமும், தகரக் கூரையிலிருந்து எழும் பகல் வெப்பத்தின் அலைவும் சேர்ந்தே பெருகுகின்றன. காட்சிப் பரப்பும் குறுகுகிறது. பூமி சுழல்வதால், 300 மடங்கில் ஒரு கிரகம் சுமார் 40 விநாடியில் பார்வையைக் கடந்துவிடும். வரிசையில் நிற்கும் குழந்தை என்ன செய்வாள்?

பெருக்கம் குறைந்தால் ஒன்றும் தெரியாது என்று அஞ்சவேண்டியதில்லை. 1610இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கலிலியோ கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்தான். சனியின் துணைக்கோளான தைத்தானை 1655இல் ஹைகன்ஸ் கண்டபோது, அவர் கருவி காட்டிய பெருக்கம் 50 மடங்களவே.

இனி எதை வாங்குவது? எட்டுத் துண்டுகளும் வண்ண வடிகட்டிகளும் அடங்கிய பெட்டி ஒன்று கடையில் மினுக்கிற்று. அதே விலைக்கு, கண்ணிலிருந்து 20 மில்லிமீற்றர் தள்ளி நின்றே பார்க்கக்கூடிய 15 மில்லிமீற்றர் துண்டு ஒன்றும் இருந்தது. எட்டா, ஒன்றா? ஆசை எட்டின் பக்கம் சாய்ந்தது. அனுபவம் ஒன்றின் பக்கம் இழுத்தது. 1860இல் வியன்னாவின் பிளோசல் அமைத்த நான்கு வில்லை முறை இன்றும் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கிறது. ஆனால் அவ்வகையில் குவியத்தூரம் குறையக் குறையக் கண்ணை வில்லையோடு ஒட்டவைக்க வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருத்திக்கொள்ளலாம். கருவிழியின் வளைவில் கோணல் உள்ளவர்களுக்கு அது இயலாது. வரிசையில் கண்ணாடி அணிந்த மூதாட்டிகளும் நின்றதை நினைத்தோம். ஒன்றையே வாங்கினோம்.

அது தரும் பெருக்கம் 80 மடங்கு. கிரகம் மூன்று நிமிடம்வரை பார்வையில் தங்கும். 25 மில்லிமீற்றர் துண்டைத் தேடுவதற்கும் முழுநிலவுக்கும் வைத்துக்கொண்டோம். அதில் நிலவைப்போல் இரு மடங்கு அகலமான வானம் தெரியும். 10 மில்லிமீற்றர் துண்டு, காற்று ஓய்ந்த இரவுகளுக்கு. மலைநாட்டு ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சணம் படராமல் இருக்க, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூன்றையும் மூடிய டப்பாவில் வைக்கிறோம். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பார்வைத்துண்டில் திருகும் சூரிய வடிகட்டி எவரிடமாவது இருந்தால் எறிந்துவிடுங்கள். வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும்.

புரட்டாதியில் மீண்டும் அதே முற்றத்துக்குச் சென்றோம். தொடங்குமுன், “தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லவேண்டும், அதனால் எமக்குக் கோபம் வராது” என்று கூறினோம். நாற்பதாண்டு கொழுந்து பறித்த பாட்டி ஒருவர், கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்து, “மூக்குத்தி போட்ட மாதிரில்ல இருக்கு!” என்றார். பின்னர் அச்சிறுமி வந்தாள். சற்று நேரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, “தெரியல சேர்” என்றாள்.

எமக்கு எவ்வளவு மகிழ்ச்சி! குவியத்தைச் சற்றே திருப்பினோம். அவள் மூச்சை உள்ளிழுத்த ஓசை கேட்டது. பிறகு நாம் கேளாமலே, “வளையம் ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கு சேர், பக்கத்துல ஒரு புள்ளியும் இருக்கு” என்றாள். அது தைத்தானாக இருக்கலாம். நாம் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அந்த 4 மில்லிமீற்றர் துண்டு இப்போதும் எம் மேசையறையில் கிடக்கிறது. அதை எவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.