பசிக்கு ஒரு தினம்



அக்டோபர் 16 வந்தால் எங்கள் கல்லூரியில் உலக உணவு தினம் உண்டு. போன வருட போஸ்டர் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. ஒரு தட்டு வரைந்து ‘உணவை வீணாக்காதீர்’ என்று எழுதினேன், அவ்வளவுதான் :-)

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1945ல் தொடங்கப்பட்ட நாள் அது. 1981 முதல் உணவு தினமாக அனுசரிக்கிறார்கள். அதே 1981ல்தான் பஞ்சங்களைப் பற்றி அமர்த்தியா சென் எழுதிய புத்தகமும் வந்தது. ஊரில் உணவு இருந்தாலும், அதைப் பெற வழியில்லாதவன் பட்டினி கிடப்பான் என்பது அதன் சாரம். வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு மாடு ஞாபகம் வந்தது. சிரிக்காதீங்க, சொல்றேன்.

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத்துப் பையன்கள் எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. அவர்களுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. எங்களுக்கோ ரேஷனில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, கூடவே 1000 ரூபாய். அந்த அரிசியை நாங்கள் சாப்பிடுவதில்லை. கஞ்சி காய்ச்சி மாட்டுக்கு வைப்போம்.

ஒருநாள் கஞ்சி வாளியோடு போகும்போது ஒடிசாக்கார அண்ணன் ஒருவர், "தம்பி, அந்த அரிசி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அவரிடமும் ரேஷன் கார்டு இருந்தது. ஆனால் ஒடிசா கார்டு, அப்போது இங்கே செல்லாது. "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வாளியை மாட்டுக்கு வைத்தேன். அம்மாவிடம் சொன்னது ராத்திரிதான். திட்டிக்கொண்டே அப்பொழுதே அரிசி எடுத்துப்போய் கொடுத்தார். அந்த அரை நாள் எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கார்டு உள்ளவர், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், கைரேகை வைத்து இங்கேயே தன் பங்கை வாங்கலாம். இப்போது குடியிருக்கும் நாலு பையன்களிடம் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. மளிகைக் கடையில் காசு கொடுத்துத்தான் அரிசி வாங்குகிறார்கள்.

சரக்கு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சேதி மட்டும் போய்ச் சேரவில்லை.

அதனால் அடுத்த அக்டோபர் 16க்கு தட்டு வரையப் போவதில்லை. இந்தியில் நாலு வரி எழுதி எங்கள் தெரு டீக்கடையில் ஒட்டப் போகிறேன். இந்தி தெரிந்த நண்பர்கள் யாராவது பிழை திருத்தித் தருவீர்களா?