வெளுத்துப்போன துப்பட்டி

நம் இல்லத் திருமணப் படங்களைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றை அறிவர். வெண்துணி போர்த்திய முதியோரின் உருவம் பல படங்களில் வெளுத்தே போயிருக்கும். அத்தகைய படம் ஒன்றை நாமும் எடுத்தோம்.

மகளின் திருமணத்தன்று நண்பகலில், முற்றத்து வெயிலில் எம் உம்மா நின்றார்கள். இளமையில் தம் கையாலேயே வெள்ளை நூலில் பூத்தையலிட்ட துப்பட்டியைப் போர்த்தியிருந்தார்கள். படமெடுக்க எளிதில் இசையாதவர்கள், பேத்திக்காக அன்று இசைந்தார்கள். கேமராவின் சிறுதிரையில் பார்த்தபோது துப்பட்டியில் பூவுமில்லை, மடிப்புமில்லை. வெயிலைக் கணக்கிடாமல் ஒளியை மிகுதியாக உள்ளே விட்டது எம் பிழையே. மற்றொரு நாள் எடுக்கலாமென்று விட்டுவிட்டோம். நான்கு மாதங்களில் உம்மா மௌத்தானார்கள்.

எஞ்சியது அப்படத்தின் ‘ரா’ கோப்பு ஒன்றே. சிறுதிரையில் நாம் காண்பது கேமரா தானே சமைத்துத் தரும் ‘ஜேபெக்’ படம்; அதில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிகளே உண்டு. ‘ரா’ என்பதோ உணரி பெற்ற ஒளியின் சமைக்காத கணக்கு. 14 பிட் கோப்பாயின் 16,384 படிகள். உணரி ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுவதால் அவற்றுள் சரிபாதி, மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப் அளவுக்கே உரியவை. ஆகவே திரையில் வெறுமையாகத் தோன்றும் வெண்மையிலும் விவரம் ஒளிந்திருக்கக்கூடும்.

உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றையே காண்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பகலொளியில் பெரும்பாலும் பச்சையே முதலில் நிரம்பும். மற்ற இரண்டிலும் இடமிருந்தால், அவற்றைத் துணைகொண்டு மென்பொருள் இழந்த சாயலை ஊகித்து நிரப்பும். மூன்றும் நிரம்பி வழிந்த இடத்தில் மீட்பதற்கு ஏதுமில்லை.

ஓரிரவு கணினியில் அக்கோப்பைத் திறந்து, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலாகக் குறைத்தோம். ஹைலைட் அளவையும் தாழ்த்தினோம். வெண்மை மெல்லத் தணிந்தது. முதலில் கழுத்தருகே ஒரு மடிப்பு, பின்னர் ஒரு கொடி, அதில் மொக்குகள். இருண்டுபோன முகத்தை மட்டும் தனியே உயர்த்தினோம்.

“வாப்பும்மா தையல்!” என்றாள், பின்னால் நின்ற மகள். அப்புறம் அவளும் பேசவில்லை; நாமும் பேசவில்லை.

வெயில் நேரே விழுந்த இடத்தோள் மட்டும் வெறுமையாகவே நின்றது. அளவை மேலும் தாழ்த்தினால் அது சாம்பற்கறையாயிற்றே தவிர, பூ வரவில்லை. அருகிலுள்ள பூக்களைப் படியெடுத்து அங்கே ஒட்டிவிடலாமென்றார் தொழிலறிந்த நண்பர். அதற்கு எம் மனம் ஒப்பவில்லை. உம்மாவின் துப்பட்டியில் உம்மா தைக்காத பூவை நாம் தைப்பதா?

படம் இன்று எம் கூடத்தில் இருக்கிறது, தோளின் வெறுமையோடு. வெண்துணி போர்த்தியோரைப் படமெடுக்க நேர்ந்தால், இப்போது ஒளியை முதலில் குறைத்துக்கொள்கிறோம். ‘ரா’ கோப்புகளை அழிப்பதுமில்லை. மற்றொரு நாளுக்கென்று எதையும் ஒத்திவைப்பதுமில்லை.