சஸ்காட்சுவானும் கரியாலூரும்

கனடாவில் குடியேறிய கள்ளக்குறிச்சிக்காரரை அங்கே முதலில் வியக்க வைப்பது ஆஸ்பத்திரிதான். ஹெல்த் கார்டை நீட்டினால் போதும். முன்பணம் கட்டச் சொல்வதில்லை, வீடு திரும்பும்போது பில்லும் நீட்டுவதில்லை. ஆபரேஷன் என்றதும் நகையை அடகு வைக்க ஓடும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதன் அருமை தெரியும்.

இந்த ஏற்பாடு பெருநகரத்தில் பிறக்கவில்லை. டாக்டர்கள் தங்கத் தயங்கிய சஸ்காட்சுவான் மாகாணத்துக் கோதுமைக் கிராமங்களில் பிறந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் சார்னியா என்ற ஊராட்சி, தன் டாக்டர் கிளம்பிவிடாமலிருக்க ஆண்டுக்கு 1,500 டாலர் கொடுத்தது. மற்ற ஊராட்சிகளும் வரிப்பணத்தில் டாக்டர் வைத்துக்கொள்ள 1916-ல் சட்டம் வழிவிட்டது. சிறுவயதில் எலும்பு நோய் வந்து, ஒரு சர்ஜன் காசு வாங்காமல் செய்த சிகிச்சையால் காலை இழக்காமல் தப்பியவர் டாமி டக்ளஸ். அவர் முதல்வராக இருந்த 1947-ல் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மாகாணக் காப்பீடு வந்தது. 1962 ஜூலை 1 முதல் டாக்டர் கட்டணமும் அதில் சேர்ந்தது. டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதைய முதல்வர் உட்ரோ லாயிட் திட்டத்தைக் கைவிடவில்லை. 1966-ல் மத்தியச் சட்டம் வந்த பிறகு, இந்த ஏற்பாடு நாடு முழுவதும் பரவியது.

ஆனால் மருந்துக்கு? வேலைக்குப் போகும் வயதினர் பலரும் கனடாவில் கம்பெனி காப்பீட்டையோ சொந்தக் காசையோதான் நம்ப வேண்டியிருக்கிறது. இங்கே கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இலவசம். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. தமிழர்கள் தயங்காமல் பெருமைப்படலாம்.

மலையில் தடை, தூரம். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மண் அது. ரோடு எட்டாத குக்கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தால்தான் 108 வண்டியைப் பிடிக்க முடியும்.

மலைக்குக் கீழே, கள்ளக்குறிச்சியில் நிலைமை மாறிவருகிறது. 2019-ல் தனி மாவட்டம், 2022-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி. இருந்தும் 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது.

டாக்டர் தன் ஊரிலேயே தங்க என்ன செய்யலாம் என்றுதான் சார்னியா முதலில் யோசித்தது. கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் அதே யோசனை தேவை: குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸ், மலைப்பணிக்குக் கூடுதல் சம்பளம், மழைக்காலத்திலும் ஆம்புலன்ஸ் ஏறும் ரோடு.