கூக்காலில் கேட்ட பாதி வழிபாடு

தமிழ்த்துறையில் பணியாற்றுவோர்க்குக் கால்டுவெல் என்னும் பெயர் நாள்தோறும் நாவில் பயில்வதாகும். 1856-ஆம் ஆண்டு வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இயற்றியவர் யார் என்னும் வினாவை வினாத்தாள்களில் எத்தனை முறை எழுதியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அப்பெருமகனார் தென்கோடிச் சிற்றூர் ஒன்றில் கோயிற் குருவாக நெடுங்காலம் வாழ்ந்தவர் என்பதனையும் வகுப்பில் ஒரு வரியாகக் கூறிக் கடந்திருக்கின்றோம். ஆயின், ஒரு சிற்றூர்க் கோயிலின் வாழ்வு எத்தகையது, அங்கே மக்கள் எவ்வாறு கூடி வழிபடுகின்றனர், அக்கூட்டம் அவர்களுக்கு யாது செய்கின்றது என்பனவற்றை நாம் அறிந்திருக்கவில்லை. அவற்றை நமக்குக் கற்பித்தவர் நம் மாணவர் ஒருவர். கற்பித்த இடம் பழனி மலைத்தொடரில் ஓர் ஏரிக்கரை.

சில ஆண்டுகட்கு முன்னர், மலையூர்களின் வழக்காறுகளைத் திரட்டும் பொருட்டு முதுகலை மாணவர் சிலருடன் கோடைக்கானல் மேல்மலைக்குச் சென்றிருந்தோம். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலைக் கண்டு, படிப்படியாய் இறங்கும் பூண்டு வயல்களின் ஓரமாகப் பயணம் செய்து, மாலையில் கூக்காலை அடைந்தோம். சோலைக்காட்டின் விளிம்பில் அமைந்த அவ்வூரும் அதன் ஏரியும் பனிமூட்டத்திற்குள் ஒளிந்து ஒளிந்து தோன்றின. மலைப்பூண்டின் மணம் ஊரெங்கும் நிறைந்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, மாணவருள் ஒருவரைக் காணவில்லை. அவர் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், இடையன்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்த கிறித்தவர். தேடிக்கொண்டு ஏரிப்பக்கம் சென்றோம். கரையில் ஒரு பாறைமீது அமர்ந்து அவர் ஏதோ ஓதிக் கொண்டிருந்தார். இடையூறு செய்யலாகாது என்று சற்றுத் தொலைவிலேயே நின்றோம்.

அவர் ஓதிய முறை நமக்கு வியப்பாக இருந்தது. ஒரு சிறு தொடரைச் சொல்வார். பின்னர் வாய்மூடி இருப்பார். அந்த இடைவெளி சில வேளை நெடியதாகவும் இருந்தது. மீண்டும் ஒரு தொடர், மீண்டும் மௌனம். மறந்துவிட்டுத் தேடுகின்றாரோ என்று ஐயுற்றோம். முகத்தில் தேடலின் தடுமாற்றம் இல்லை. எதிரே நின்று ஒருவர் பேச, அதனைச் செவிமடுத்துக் காத்திருப்பவர் போலவே காணப்பட்டார்.

அவர் எழுந்து வந்தபின் வினவினோம். நாணத்துடன் விடை கூறினார்: "ஐயா, குருவானவர் சொல்லும் பகுதியை நான் சொல்லலாகாது. சபையார் சொல்லும் பகுதி மட்டுமே எனக்குரியது. ஊரில் இந்நேரம் முதல் ஆராதனை நடக்கும். அவர் அங்கே சொல்வார். நான் இங்கே பதில் சொன்னேன்."

இவ்விடத்தில் அம்மரபினைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் வழியில் வந்தோரை ஆங்கிலிக்கர் என்பர். அவர்தம் வழிபாடு, 1549-இல் முதன்முதலாக வெளிவந்து 1662-இல் நிலைபெற்ற பொது ஜெபப் புத்தகத்தின்படி அமைந்தது. இலத்தீனில் குரு ஒருவரே ஓத மக்கள் கேட்டிருந்த நிலையை மாற்றி, மக்கள் தம் மொழியிலேயே விடை மொழியும் முறையை அந்நூல் வகுத்தது. குரு வாழ்த்துரைப்பார், மக்கள் மறுவாழ்த்துக் கூறுவர். குரு வேண்டுதலைத் தொடங்குவார், மக்கள் முடிப்பர். சங்கீதத்தின் ஒரு வசனம் அவருக்கு, அடுத்தது இவர்களுக்கு. மக்கள் வாய் திறவாவிடில் வழிபாடு பாதியிலேயே நின்றுவிடும். அந்நூல் தமிழாக்கம் பெற்றுத் தமிழகச் சிற்றூர்களுக்கு வந்தபோது, எழுத்தறியாத பனைத்தொழிலாளரும் கேட்டுக் கேட்டே அதனை நெஞ்சில் பதித்துக் கொண்டனர். தமிழ் ஜெபப் புத்தகத்தைத் திருத்திய அறிஞருள் கால்டுவெல்லும் ஒருவர். பின்னர் 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. 1950-இல் அதற்கெனப் புதிய திருவிருந்து முறை வகுக்கப்பட்டது. பெயரும் சொற்களும் மாறினும், குருவும் மக்களும் மாறி மாறி உரைக்கும் அப்பண்பு இன்றும் நிலைத்துள்ளது.

நாம் மகிழ்ந்து, "தம்பி, நீர் பதிலுரைத்த இம்மலையிலேதான் கால்டுவெல் மறைந்தார், அறிவீரா?" என்றோம். அறிவேன் என்று தலையசைத்தார். 1841-இல் இடையன்குடி புகுந்து, 1877-இல் ஆயராகத் திருநிலை பெற்ற அவர், 1891 சனவரித் திங்கள் இறுதியில் பணியினின்று ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். மோட்டார் சாலை இல்லாத அக்காலத்தில் அவர் உடல் மலையினின்று இறக்கப்பட்டு, இடையன்குடியில் தாம் எழுப்பிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றது. கோடைக்கானலில் ஆங்கிலிக்க மரபில் எழுந்த தூய பேதுரு ஆலயம் இருந்தும், அவர் தம் சிற்றூருக்கே மீண்டார். இவற்றையெல்லாம் வகுப்பில் பேசுவது போலவே உணர்ச்சியுடன் எடுத்துரைத்தோம்.

மாணவர் பொறுமையுடன் கேட்டிருந்துவிட்டு, மெல்லிய குரலில், "ஐயா, அவர் 1849-இல் எங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை மட்டும் வகுப்பில் சொல்லவில்லையே" என்றார்.

நமக்கு விடை எழவில்லை. அந்நூலை நாம் அறியாதவர் அல்லோம். திருநெல்வேலிப் பகுதியின் பனையேறும் மக்களைக் குறித்துக் கால்டுவெல் எழுதிய அச்சிறு நூல், தாம் யார் நடுவே வாழ்ந்தாரோ அம்மக்களின் அறிவையும் நிலையையும் தாழ்த்தியுரைத்தது. அம்மக்களுள் கற்றோர் மனம் புண்பட்டனர். எதிர்ப்பு பல்லாண்டுகள் தொடர்ந்தது. பின்னாளில் அந்நூல் விலக்கிக் கொள்ளப்பட்டது. நாசரேத்துப் பகுதியில் சட்டம்பிள்ளை என்பார் வெள்ளைக் குருமாரின் மேலாண்மையை மறுத்து 1857-இல் தனிச் சபையே கண்டார். இத்தனையும் அறிந்திருந்தும், பெருமைக்குரிய ஒருவரின் புகழுக்கு மாசு நேருமென்று அஞ்சி, வகுப்பில் அதனை விட்டுவிட்டோம். அம்மக்களின் வழித்தோன்றல் ஒருவர் முதல் வரிசையில் அமர்ந்து நம் பாராட்டுரையைக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தார் என்பதை அவ்வேரிக்கரையில்தான் உணர்ந்தோம். நாமும் பாதியே ஓதியிருந்தோம். அவர் மற்றொருவரின் பகுதிக்கு இடம் விட்டிருந்தார். நாம் அதுவும் விடவில்லை.

"ஊருக்கு வாருங்கள் ஐயா. எங்கள் பாட்டியிடம் கேட்டால் சொல்வார்" என்று அழைத்தார். அறுப்பின் பண்டிகையின்போது சென்றோம்.

திசையன்விளையிலிருந்து தேரிகளின் செம்மணலையும் பனங்காடுகளையும் கடந்து அச்சிற்றூரை அடைந்தபோது சனிக்கிழமை மாலை. கோயிலில் பெண்கள் கூட்டிப் பெருக்கிக் கொண்டிருந்தனர். தூண்களில் வாழையும் தென்னங்குருத்தும் கட்டப்பட்டன. அவ்வூரார் கோயில்குட்டியார் என அழைக்கும் ஊழியர் மணிக்கயிற்றைப் பற்றி இழுக்க, ஓசை மணற்குன்றுகள் வரை சென்று மீண்டது. பல சபைகள் சேர்ந்த பகுதியைச் சேகரம் என்கின்றனர். சேகரத்துக்குக் குருவானவர் ஒருவர். அவர் ஊர்தோறும் ஞாயிறு தவறாமல் வருதல் இயலாதாகையால், ஏனைய நாள்களில் உபதேசியார் வழிபாட்டை நடத்துகின்றார். வீடுதோறும் உலையிடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் கோயிலுக்கு அளிக்கும் பழக்கம் உண்டு. அந்தப் பிடியரிசியும் சங்கக் காணிக்கையும் சேர்ந்தே அங்குப் பள்ளியும் கோயிலும் நின்றன என்று முதியவர் ஒருவர் சொன்னார்.

காலையில் முதல் மணிக்கு ஊர் எழுந்தது. இரண்டாம் மணிக்குக் கோயில் நிறைந்தது. காலணிகளை வாயிலிலேயே விட்டு, ஆடவர் ஒருபுறமும் முக்காடிட்ட மகளிர் மறுபுறமும் அமர்ந்தனர். நாம் இறுதி வரிசையில் இடம்பெற்றோம். குருவானவர் முதல் தொடரை மொழிந்தார். உடனே அக்கூட்டம் முழுவதும் ஒரே குரலாய் விடை கூறிற்று. கூக்காலில் பனிமூட்டத்தினூடே தனியொருவர் வாயிலிருந்து கேட்ட அதே சொற்கள்! அங்கே மௌனமாக இருந்த இடங்கள் இங்கே குருவின் குரலால் நிரம்பின. நம் மாணவரோ பாடகர் குழுவில் நின்று நம்மை நோக்கிப் புன்னகை புரிந்தார்.

வழிபாட்டுக்குப் பின் ஏலம் தொடங்கியது. முதற்பலனாக வந்த தேங்காய், முருங்கைக்காய், வாழைத்தார், சேவல், கொட்டானில் பொதிந்த கருப்பட்டி எனப் பலவும் கோயில் முற்றத்தில் குவிந்திருந்தன. கைம்பெண் ஒருத்தி கொணர்ந்த நான்கு முட்டைகளை ஒருவர் மிகுந்த விலைக்கு எடுத்து, மீண்டும் ஏலத்துக்கே கொடுத்தார்; மற்றொருவர் எடுத்து அவ்வாறே செய்தார். அம்முட்டைகள் மூன்று முறை விலைபோயின. நாமும் ஒரு கருப்பட்டிக் கொட்டானை ஏலத்தில் எடுத்தோம்.

நண்பகலில் அசனம். ஊரார் அனைவரும் ஒரே பந்தலில் அமர்ந்து உண்ணும் விருந்து அது. இரவெல்லாம் கண்விழித்துச் சமைத்தவர்கள் ஊரின் இளைஞர்களே. ஆட்டிறைச்சி பரிமாற வந்த பெரியவர் நம் இலையருகே குனிந்து, "நீங்கள் வருவதாகத் தம்பி சொன்னான், பக்கத்து ஊர் மோதினாரை வரவழைத்துத்தான் அறுத்தோம். தயங்காமல் உண்ணுங்கள்" என்றார். நமக்கெனத் தனிப்பாத்திரம் வைக்காமல், ஊர் முழுமைக்குமான உணவையே நமக்கும் பொருந்துமாறு அமைத்த அப்பேரன்பை எண்ணுந்தோறும் நெஞ்சு நெகிழ்கின்றது.

மாலையில் மாணவரின் பாட்டியாரையும் அழைத்துக்கொண்டு இடையன்குடி சென்றோம். கால்டுவெல் வகுத்த நேரிய தெருக்களின் நடுவே தூய திரித்துவ ஆலயம் உயர்ந்து நின்றது. 1847-இல் தொடங்கி 1880-இல் படைக்கப்பெற்ற அதனைக் கட்ட 33 ஆண்டுகள் ஆயின. அவர்தம் துணைவியார் எலைசா அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்திச் சரிகைப் பின்னலும் கற்பித்த ஊர் அதுவே. அவர் வாழ்ந்த இல்லத்தை 2011-இல் தமிழக அரசு நினைவில்லமாக்கியது. ஆலயத்தினுள் அவர் அடக்கம் பெற்ற இடத்தின் முன் நின்று, நம் மாணவரின் வினாவைப் பாட்டியாரிடம் வைத்தோம்.

அம்முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: "எங்க பாட்டி சொல்லுவா. நம்மளை எளப்பமா எழுதினவரும் இவருதான். தாது வருசத்துப் பஞ்சத்துல நமக்குக் கஞ்சிக்கு வழி பண்ணினவரும் இவருதான். ரெண்டு கணக்கையும் சேர்த்துத்தான் இங்க அடக்கம் பண்ணியிருக்கு. ஒண்ணை மட்டும் தோண்டி எடுக்க முடியுமா?"

இதனினும் சிறந்த திறனாய்வை நாம் எந்நூலிலும் கற்றதில்லை. ஒரு மக்கட் கூட்டம் தன்னைப் புண்படுத்திய சொல்லை மறவாமலும், தனக்குத் துணைநின்ற கையை மறுக்காமலும், இரண்டையும் தன் கோயிலுக்குள்ளேயே வைத்துக் காத்து வருகின்றது. அவர் சொன்னதனைத்தையும் தலைகுனிந்து ஏற்றுக்கொண்ட கூட்டமன்று அது. பதில் சொல்லிப் பழகிய கூட்டம். ஜெபப் புத்தகம் ஞாயிறுதோறும் அவர்களை வாய்திறக்கச் செய்தது. அவ்வாய் வேண்டும்போது குருவையே எதிர்த்தும் பேசிற்று.

திரும்பும் வழியில் பாட்டியார் ஒரு குறையும் கூறினார். பண்டிகைக்குக் கோயில் நிறைகின்றது; மற்றை ஞாயிறுகளில் பதில் சொல்ல நாலைந்து கிழவிகளே எஞ்சுகின்றனர். பனையேற ஆளில்லை; இளைஞர் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். "ஐயர் சத்தமாச் சொல்லுவாரு. எங்க தொண்டை எழும்ப மாட்டேங்குது" என்றார். பேரன் தலைகவிழ்ந்திருந்தார். கூக்காலில் அவர் விடாது பதிலுரைத்ததன் பொருள் அப்பொழுதுதான் நமக்கு முழுமையாக விளங்கிற்று. ஊரில் குறைந்துவிட்ட குரல்களுள் தம் குரலும் ஒன்றாகிவிடலாகாது என்று அந்த மலைமேலிருந்தும் அவர் எண்ணியிருக்கின்றார்.

அவ்வாண்டு முதல் நம் வகுப்பில் 1856-ஆம் ஆண்டு நூலைக் கூறுமிடத்தில் 1849-ஆம் ஆண்டு நூலையும் கூறுகின்றோம். கூறிவிட்டுச் சிறிது நேரம் வாளா இருக்கின்றோம். அவ்விடைவெளி மாணவர்க்குரியது. முதலில் எவரும் பேசுவதில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர், "ஐயா..." என்று தொடங்குகின்றார்.