வாவியோரத்துத் தாய்வழி

மட்டக்களப்பு வாவி, வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைக்கு அணித்தான கிட்டங்கி வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. கதிரவன் எழும் கடற்பக்கத்து நிலம் எழுவான்கரை எனவும், அவன் படும் பக்கத்தில் வயலும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை எனவும் வழங்கப்படுகின்றன. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, பத்தாண்டுகளில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டையின் கதையைப் பலரும் எழுதிவிட்டனர். ஆனால் அக்கோட்டையைக் கடந்து தெற்கே செல்லச் செல்ல, எழுதப்படாத வேறொரு வரலாறு, மூதாட்டியரின் நினைவில் தங்கிய குடும்ப வரலாறு, விரியத் தொடங்குகிறது.

அவ்வரலாற்றின் தலைவாயிலாக மண்முனையைக் கொள்ளலாம். எவ்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', கலிங்கத்திலிருந்து வந்த உலகநாச்சி என்னும் பெண், மன்னனிடம் நிலம் பெற்று மண்முனையில் குடியேற்றம் அமைத்தாள் என்று கூறுகிறது. இது ஐதிகமே, எனினும் ஒரு நாடு தன் தொடக்கத்தை வாளேந்திய வீரனிடம் தேடாமல் ஒரு பெண்ணிடம் தேடியிருப்பது பொருளற்றதன்று.

ஏனெனில் இங்கு குடி, அதாவது கோயில் உரிமைகளும் மணவுறவும் சார்ந்து நிற்கும் மரபுக்குழு, தாய்வழியாகவே பிள்ளைகளுக்கு வருகிறது. ஒரே குடியினர் தமக்குள் மணம் செய்வதில்லை. முன்னாளில் சொத்துரிமையையும் தாய்வழியே வகுத்த, முக்குவர் என்னும் சமூகத்தாரின் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் அச்சட்டம் வழக்கொழிந்த பின்னரும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாவதும், மணமகன் பெண் வீட்டில் குடிபுகுவதும், பெற்றோர் மற்ற மகளிருக்காக அருகிலேயே வேறு வீடு கட்டிப் பெயர்வதும் நின்றுவிடவில்லை. ஆகவே ஓர் ஒழுங்கையில் அடுத்தடுத்து நிற்கும் வீடுகள் பெரும்பாலும் அக்காள் தங்கையரின் வீடுகளாகவும், அவற்றுக்கெல்லாம் வேராக ஓர் அம்மம்மாவின் பழைய வளவு இருப்பதாகவும் அமைகின்றன.

கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, பழுகாமம், போரதீவு என்னும் ஊர்களைக் கடந்தால் மண்டூர். எதிர்க்கரைக் குருமண்வெளியிலிருந்து இங்கு வருவோரை, மக்களையும் வாகனங்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் தட்டையான படகு கொண்டுவந்து சேர்க்கிறது. அதனை இவ்வூரார் பாதை என்பர். இத்தகைய துறைகளின் வழியே மாப்பிள்ளைமார் கரைமாறிப் போயினர். பெண்களோ பிறந்த வளவிலேயே மணந்து, பெற்று, பேரப்பிள்ளைகளைக் கண்டனர். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் கோயிலில், பூசகர் வாயைத் துணியாற் கட்டித் திரைக்குப் பின்னே மௌனமாகப் பூசை செய்ய, சிறுமியர் ஆலாத்தி எடுக்கின்றனர். முதுமையெய்திய ஒருத்தி, தான் சிறுமியாய்க் கண்ட அதே திருவிழாவில் தன் மகளின் பேத்தியைக் காணும் பேறு, ஓரிடத்தில் வேரூன்றி வாழும் இம்முறைமையாலேயே வாய்க்கிறது.

அத்தகையவளின் நீண்ட வாழ்வு வட்டாரத்தின் காலக்கணக்காகவும் பயன்பட்டது. 1957இன் பெருவெள்ளம், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி ஆகியவற்றுக்கு முன்னும் பின்னுமாகவே பிறப்புகளும் திருமணங்களும் அவளால் நினைவுகூரப்பட்டன. 2007இல் போர் படுவான்கரை மக்களைப் பெருந்தொகையாக இடம்பெயர்த்தபோது, காணி உறுதிகளும் படங்களும் கைவிடப்பட்ட வீடுகளிலேயே தங்கிவிட, யார் எந்த வயிற்று வழி வந்தவர் என்பதை முறைவைத்துச் சொல்ல அவளே எஞ்சியிருந்தாள். அவள் மறைவு ஒரு வீட்டின் துயரமாக மட்டும் நின்றுவிடாததற்குக் காரணம் இதுவே.

மண்டூருக்குத் தெற்கே வாவி ஒடுங்கி, துறைநீலாவணையைக் கடந்து கிட்டங்கியை நெருங்கி முடிகிறது. அதன் கரையில் வாழ்ந்த மூதாட்டியரின் நினைவோ அவ்வாறு முடிந்துவிடலாகாது. மறைந்தோரின் வரலாற்றைச் செய்யுளும் வம்சாவளியுமாக அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு என்னும் நினைவு நூலை ஈழத்தமிழர் நெடுங்காலமாகப் பேணிவருகின்றனர். படுவான்கரைக் குடும்பங்கள் தம் மூதாட்டியருக்கு அத்தகைய நூல் வெளியிடும்போது, அவர்தம் தாய், தாயின் தாய் ஆகியோரின் பெயர்களையும் குடியையும் பிறந்த வளவையும் அதில் தவறாது பதிதல் வேண்டும். அதற்கான செய்திகளை அம்மூதாட்டியர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.