வேப்பமரத்தில் தட்டிய வடிகட்டி

திசையன்விளைக்காரர்களுக்குத் தூசி புதிதல்ல. ஆடி பிறந்து மேலக்காற்று விழுந்துவிட்டால், தேரியின் செம்மணல் சன்னல் கட்டையில், சோற்றுப்பானை மூடியில், பிள்ளைகளின் புத்தகப்பையில் என்று எங்கும் வந்து குந்திக்கொள்ளும். துடைப்போம், மறுநாளும் துடைப்போம். தூசியை ஒரு விருந்தாளியைப்போல் சகித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எங்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. அது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்பதைக் கடல் தாண்டிப் போய்த்தான் கற்றோம்.

சென்ற ஆடியில் எங்களில் ஒருவருடைய அக்காள் மகன் புதிதாகத் தொடங்கியிருந்த கிரானைட் பட்டறைக்குப் போயிருந்தோம். சமையலறை மேடைக் கற்களை அளவுக்கு வெட்டி, விளிம்பு தேய்த்துக் கொடுக்கிற தொழில். நாங்கள் போன வேளையில், அவனிடம் வேலை பார்க்கும் ஒடிசா இளைஞர் ஒரு வாக்குவம் கிளீனரைத் திறந்து, உள்ளேயிருந்த வடிகட்டியை எடுத்து வாசல் வேப்பமரத்தில் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைப் புகை எழுந்து காற்றோடு பட்டறைக்குள்ளேயே திரும்பி வந்தது. மருமகன் பெருமையோடு, "பாத்தீளா மாமா, கல்லுப்பொடியக் கூட்டுறதில்ல, இப்ப எல்லாம் மிஷின்தான்" என்றான். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அண்ணாச்சியின் நினைவு வந்தது.

1998 முதல் ஒன்பது ஆண்டுகள் நாங்கள் இருவரும் வளைகுடா நாடொன்றில், கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருந்தோம். கப்பலின் இரும்புத் தோலிலிருந்து துருவையும் பழைய வண்ணத்தையும், அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சி உரித்தெடுப்பார்கள். பிளாஸ்டிங் என்று பெயர். உரித்தபின் கீழே கிடப்பதை உறிஞ்சி எடுப்பது எங்கள் வேலை. முதல் நாள் மூட்டையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது இளஞ்சிவப்பு மணல். கார்னெட். கோமேதகத்தின் இனம். எங்கள் கடற்கரையில் இல்மனைட்டின் கருமையோடு கலந்து கிடக்கிற அதே மணல். எங்கள் பகுதியிலிருந்து அது உலகெங்கும் போனதும், 2013இல் தமிழக அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கடற்கரைத் தாது மணல் அள்ளுவதை நிறுத்தியதும் ஊரறிந்த கதை. அதன் அரசியலுக்குள் இங்கே போகப்போவதில்லை. அந்த மணலை ஏன் கப்பல் துறைகள் விரும்பி வாங்கின என்பதுதான் எங்களுக்குப் பிந்திப் புரிந்தது. ஆற்றுமணலும் கடல்மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. பீய்ச்சியடித்தால் உடைந்து நுண்பொடியாகி நுரையீரலில் தங்கும். அதனால் பிரிட்டன் பிளாஸ்டிங்குக்கு மணலைப் பயன்படுத்துவதை 1949இன் விதிகளிலேயே தடை செய்துவிட்டது. கார்னெட்டில் தனித்த சிலிக்கா மிகக் குறைவு. ஆனாலும் அது உரித்தெடுக்கும் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால், மிச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது என்பது துறையின் கட்டளை.

எங்கள் குழுவுக்கு மேஸ்திரி, உவரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். அங்கே வருவதற்கு முன் நம் நாட்டுத் துறையொன்றில் பதினோரு ஆண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உலர்ந்த ஆற்றுமணலைப் பீய்ச்சியவர். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று ஏதாவது பேச்சுக் கொடுப்பார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்தப் பேச்சு என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை.

உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் பெரிய தத்துவமல்ல. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் பூத் என்ற பொறியாளர், உணவகத்து நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து, அதன்வழி வாயால் உறிஞ்சிப் பார்த்து, துணியில் படிந்த அழுக்கைக் கண்டு அதை உருவாக்கினார் என்பார்கள். ஆனால் அந்தக் கைக்குட்டையைத் தாண்டி அவர் நெஞ்சுக்குள் போனது என்ன? அந்தக் கேள்விக்குத் தக்க விடை 1940களில், அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் துகள்களைத் தடுக்கச் செய்யப்பட்ட வடிகட்டியாக வந்தது. இன்று ஹெப்பா என்று பெட்டியில் அச்சடித்து விற்பது அதன் வம்சம்தான். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நுரையீரலின் அடிவரை இறங்கும் துகள் நான்கைந்து மைக்ரானுக்கும் கீழே. சாதாரண இயந்திரம் பெரும்பொடியைப் பிடித்து வைத்துக்கொண்டு, இந்த நுண்பொடியை மட்டும் பின்பக்கமாகக் காற்றில் ஊதிவிடுகிறது. தரையும் பளிச்சென்று ஆகிவிடுவதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

ஆகவேதான் இவற்றுக்கு எல், எம், எச் என்று மூன்று தரம் வகுத்திருக்கிறார்கள். எல் தரம் நூற்றுக்கு ஒரு பங்குவரை வெளியே விடலாம். எம் தரம் ஆயிரத்தில் ஒரு பங்கு. எச் தரமோ லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் விடக்கூடாது. ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் போன்றவற்றுக்கு எச் தரம்தான். ஆனால் அண்ணாச்சி இந்த எண்களைச் சொல்லி எங்களுக்குக் கற்பிக்கவில்லை. "மிஷின் ஓடும்போது ஒண்ணும் ஆவாதுடே. தொறக்கும்போதுதான் ஆளக் கேக்கும்" என்பார். ஒரு வார வேலையின் நஞ்சு முழுவதும் ஒரு பைக்குள் குவிந்திருக்கிறது. அதைத் திறக்கிற ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் இழந்துவிடலாம்.

அவர் பை மாற்றுவதைப் பார்ப்பது ஒரு பூசையைப் பார்ப்பதுபோல் இருக்கும். அன்று காலையே மழித்த முகம். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது, விளிம்பு வழியே காற்று புகும். இயந்திரத்தை ஓரமாக, காற்றோட்டம் இல்லாத இடத்தில் நிறுத்துவார். மூடியைத் திறக்காமலே வெளிப்பிடியை இயக்கி வடிகட்டியை உதறுவார். மின்சாரத்தைப் பிடுங்குவார். பிறகு பொடி அடங்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அந்தக் காத்திருப்புதான் பொறுக்காது. உறிஞ்சுவாயை அடைப்பானால் மூடி, பையின் வாயைக் கட்டி, இன்னொரு பைக்குள் இறக்கி, அதையும் கட்டிப் பெயர் ஒட்டுவார். ஈரத்துணியால் உள்விளிம்பையும் ரப்பர் வளையத்தையும் துடைப்பார். வளையத்தில் ஒரு கீறல் இருந்தாலும் அன்று இயந்திரம் ஓடாது. துடைத்த துணியும் அதே பைக்குத்தான். வடிகட்டியைக் கழுவலாமா என்று ஒருமுறை கேட்டோம். நனைந்தால் அதன் இழை கெட்டுவிடும் என்றார். குழாயைத் தரையோடு இணைக்கும் மின்கம்பியையும் தினம் இழுத்துப் பார்ப்பார். பொடி உரசி ஓடும்போது மின்னேற்றம் உண்டாகும். கல்பொடி தீப்பிடிக்காது; அலுமினியப் பொடியானால் ஒரு பொறி போதும், அதற்கு வேறு வகை இயந்திரமே வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும்தான் அதைச் செய்தோம். ஒரு மாதக் கடைசி. கப்பல் விடியற்காலையில் இறங்க வேண்டும். உறிஞ்சுவிசை குறைந்து எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது. புது வடிகட்டி கிடங்கில் இல்லை. நாங்கள் மூடியைத் திறந்து, வடிகட்டியை வெளியே எடுத்து, அழுத்தக் காற்றுக் குழாயால் ஊதினோம். ஒரே நிமிடத்தில் சுத்தமாகிவிட்டது. காற்று வீசிய திசையில், முகமூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் அண்ணாச்சி.

அவர் வைது தீர்க்கவில்லை. காற்றின் வால்வை மூடினார். விளக்குகளை அணைக்கச் சொல்லி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். ஒளிக்கற்றைக்குள் கோடிக்கணக்கான புள்ளிகள் அந்தரத்தில் நின்றன. விழவில்லை, நகரவும் இல்லை. "இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் இப்படியே நிக்கும். இதுக்குள்ளதான் இப்ப நம்ம மூச்சு விடுதோம்" என்றார்.

அவர் 2006இல் ஊர் திரும்பினார். முதலில் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சிலிக்கோசிஸையும் காசநோயையும் பிரித்தறியத் தவறுவது நம் நாட்டில் அடிக்கடி நிகழ்வது. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடவும் செய்யும். 'என்ன வேலை செய்கிறாய்' என்று நோயாளியைக் கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இலேயே எழுதிவைத்தார். அண்ணாச்சியிடம் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசி ஓராண்டு படுத்து உறங்க முடியாமல், திண்ணையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தார். 2011இல் போய்ச்சேர்ந்தார். அவர் நுரையீரலைக் கெடுத்தது பழைய ஆற்றுமணல்தான், எங்கள் ஒரு நிமிடம் அல்ல என்று மருத்துவம் அறிந்த நண்பர் ஒருவர் எங்களைத் தேற்றினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை எங்களால் கணக்கிலிருந்து தள்ள முடியவில்லை.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னோம். கிரானைட்டிலேயே கணிசமான பங்கு குவார்ட்ஸ். இப்போது மலிவாக வருகிற செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போகும். அவற்றை வெட்டிய இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே விழுந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அவற்றை அடியோடு தடை செய்தது. முதலில் தண்ணீர் விட்டு வெட்டு, சேற்றைக் காயவிடாமல் அள்ளு, மிச்சத்துக்குத் தகுந்த இயந்திரம் வாங்கு என்றோம். "விலை என்ன வரும் மாமா?" என்றான். சொன்னோம். தலையைச் சொறிந்தான். அவன்மேல் எங்களுக்குக் கோபமில்லை. கடன் வாங்கித் தொடங்கிய தொழில்.

இருட்டிய பின் பட்டறையின் விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தோம். மாலை ஐந்து மணிக்கே வேலை முடிந்திருந்தது. புள்ளிகள் அப்படியே நின்றன. ஒளியின் மறுமுனையில், மூலையில், ஒரு பாயும் தலையணையும் கொசுவலையும் தெரிந்தன. அந்த ஒடிசா இளைஞர் இரவில் படுப்பது அங்கேதான். மருமகன் நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு கம்ப்ரஸர் குழாயைச் சுருட்டிப் பரணில் போட்டான். பாயைத் தானே எடுத்து வந்து, வேப்பமரத்துக் கிணற்றடியில் நன்றாக நனைத்து அலசினான். அன்றிரவு அவருக்குத் தன் வீட்டுத் திண்ணையில் வேறொரு பாய் விரித்துக் கொடுத்தான்.